நிறம் ஏறாத குழாய்கள்

ஒன்று என் கை தப்பு. இல்லையென்றால் எங்கள் துறையின் டோசென்ட் ஹால்டினுக்கு உடம்பு சரியில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி நான் நினைத்தது இதைத்தான். என் கை தப்பாக இருக்கட்டும் என்று விரும்பினேன். பெரும்பாலும் அது தப்பாகத்தான் இருக்கும்.

எதிரே மரச்சட்டத்தில் அவருடைய குழாய்கள் வரிசையாக நின்றன. இரவெல்லாம் எந்திரம் அவற்றைக் குலுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் சாயப்பொடி ஆரஞ்சு மணல்போலப் படிந்து கிடந்தது. மேலே இருந்த நீர் சன்னல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அது அப்படி இருக்கவே கூடாது.

லுண்ட் நகரத்தில், மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் செய்த வேலை இதுதான். பித்த உப்பு தண்ணீரில் கொஞ்சமாக இருக்கும்வரை அதன் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும். ஓர் அளவைத் தாண்டியதும் நாலும் ஐந்துமாகக் கூடிக்கொள்ளும். அந்தக் கூட்டத்துக்கு மிசெல் என்று பெயர். கூடிய பிறகுதான் தண்ணீரில் கரையாததை, அதாவது நாம் தின்னும் வெண்ணெயை, பன்றிக் கொழுப்பை, அது தனக்குள் இழுத்துக்கொள்ளும். மிசெல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தண்ணீரில் கரையாத ஒரு சாயத்தைப் போட்டுக் குலுக்குவோம். மிசெல் இருந்தால் சாயம் அதற்குள் புகுந்து நீருக்கு நிறம் ஏறும். இல்லாவிட்டால் ஏறாது. குடலிலிருந்து எடுத்த நீரை மேலும் மேலும் நீர்க்க வைத்து, எந்தக் குழாயில் நிறம் போய்விடுகிறது என்று பார்ப்போம். அவ்வளவுதான். மாலை வகுப்பில் என் பெஞ்சில் உட்காரும் தபால்கார இளைஞனுக்கு இதைச் சொன்னபோது, "இதுக்குச் சம்பளம் தர்றாங்களா?" என்று கேட்டான்.

டோசென்ட்டின் வரிசையில் நீர்க்க வைக்காத முதல் குழாயிலேயே நிறம் இல்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

தோரா உள்ளே வந்தாள். போர்க்காலத்திலிருந்து அங்கே வேலை செய்பவள். எனக்கு பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். தான் கற்றுக்கொடுத்திருந்தால் நான் இப்படிப் பிடிக்க மாட்டேன் என்பாள்.

"நிறம் ஏறல."

"யாரோடது?"

"டோசென்ட்டோடது."

"அப்ப நீதான் ஏதோ பண்ணி வச்சிருக்கே."

"நானும் அதத்தான் நினைக்கறேன்."

"குழாயை எதுல கழுவினே?"

"அமிலத்துல. அப்புறம் வடிச்ச தண்ணி."

"கையில கிரீம் பூசிக்கிட்டியா? இந்தக் குளிருக்கு எல்லாப் பொண்ணுங்களும் பூசிக்குதுங்க."

"இல்ல தோரா."

"நேத்து வகுப்புக்கு ஓடற அவசரத்துல வேற யாரோட பாட்டிலையாவது எடுத்துட்டியா?"

பாட்டிலைக் காட்டினேன். பெயர் டோசென்ட்டின் கையெழுத்திலேயே இருந்தது. தோரா அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பித்தநீர் கலந்த குடல்நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். இது பால் சேர்த்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"ஒண்ணும் சொல்லாதே. நான் ஒரு தடவை போடறேன்," என்றாள்.

அவள் போட்டாள். மறுநாள் காலையும் நீர் தெளிவாகத்தான் இருந்தது.

அந்தக் குடல்நீர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நோயாளிகளோடு ஒப்பிட ஆரோக்கியமானவர்கள் தேவை. கொழுப்பும் பால்பவுடரும் கலந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, மெல்லிய ரப்பர் குழாயை விழுங்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருக்க வெளியாட்கள் வர மாட்டார்கள். அதனால் துறையில் இருந்தவர்களே முறைவைத்து விழுங்கினோம். பேராசிரியர் மட்டும் விழுங்கவில்லை. அவருக்கு அடுத்த படியில் இருந்த டோசென்ட் ஹால்டின் அவருக்கும் சேர்த்து விழுங்கினார். வாயோரத்தில் குழாய் தொங்கத் தொங்க மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவார், தொலைபேசியில் பேசுவார். பல வருடங்களுக்கு முன் அவர் குடல்நீரை அளந்து, வரைபடமாகச் சுவரில் மாட்டிய கோடுதான் எங்கள் அளவுகோல். ஒரு நோயாளியின் குடலில் மிசெல் குறைவு என்று நாங்கள் எழுதினால், டோசென்ட் ஹால்டினுடையதைவிடக் குறைவு என்று அர்த்தம்.

புதன்கிழமை காப்பி நேரத்தில் தோராதான் விஷயத்தை மேசையில் வைத்தாள். நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோசென்ட் சிரித்தார். உயரமானவர், ஐம்பதைத் தாண்டியவர், சிரிக்கும்போது நாற்காலி முன்னும் பின்னும் ஆடும். என் பக்கம் திரும்பினார். "என் குடல் மேலயே சந்தேகமா? மிஸ் எக்லுண்ட், இந்தக் குடல் அக்டோபர் மாசம் ஒரே விருந்துல ஏழு விதமா சமைச்ச ஈல் மீனைத் தின்னுட்டு மறுநாள் சைக்கிள் ஓட்டிச்சு, தெரியுமா?"

"எப்படி ஓட்டிச்சுன்னு உங்க வீட்டம்மாவைக் கேக்கணும்," என்றாள் தோரா.

"அவளைக் கேக்காதீங்க. அவ உண்மை சொல்லிடுவா."

ஸ்டூரே குனிந்து சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தான். டோசென்ட்டின் கீழ் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளம் டாக்டர் அவன். "குழாய் நுனி இரைப்பையிலயே நின்னிருக்கும்," என்றான். "அங்க ஏது பித்தம்? அதான் வெளுப்பா இருக்கு. இதுல கவலைப்பட என்ன இருக்கு?"

எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான்.

அடுத்த வாரம் டோசென்ட் மறுபடி விழுங்கினார். இந்தத் தடவை ஸ்டூரே அவரை எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் நிறுத்தி, நுனி எங்கே இருக்கிறது என்று பார்த்தான். இருக்க வேண்டிய இடத்தில், முன்சிறுகுடலின் வளைவில்தான் இருந்தது. ஊசிக்குழலில் வந்த நீர் அதே வெளிறிய நிறம். நான் அளந்தேன். என்னை நம்பாமல் தோராவையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு அளந்தேன். நிறம் ஏறவில்லை.

"சரி, ஒவ்வொண்ணா பாத்துடுவோம்," என்றார் டோசென்ட். கையைத் தேய்த்துக்கொண்டார். கஷ்டமான கணக்கு கிடைத்த பையன் மாதிரி இருந்தார்.

அப்படித்தான் அந்த வாரங்கள் போயின. முதலில் சாயத்தைச் சந்தேகப்பட்டோம். பழைய புட்டியை எறிந்துவிட்டுப் புதியதை வரவழைத்து, அதையும் படிகமாக்கிச் சுத்தம் செய்தோம். பிறகு தண்ணீர். பிறகு வடிதாள், அது சாயத்தைப் பிடித்துக்கொள்கிறதோ என்று. பிறகு தொட்டியின் சூடு உடம்புச் சூட்டிலிருந்து ஒரு பாகை இறங்குகிறதோ என்று. ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரு அளவு தப்பாக வந்தால் முதலில் கருவியைப் பார், பிறகு கையைப் பார் என்றுதான் எனக்கு வகுப்பிலும் சொன்னார்கள், இங்கேயும் சொன்னார்கள். அளக்கப்படுகிற ஆளைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. ஆரோக்கியமானவர் என்ற வரிசையில் அவர் பெயர் இருந்தது. அந்த வரிசையில் இருப்பவரை யாரும் பரிசோதிப்பதில்லை.

இதற்கு நடுவே என் முறை வந்தது. குழாய் தொண்டையைத் தாண்டும்போது கண்ணில் தண்ணீர் கொட்டியது. தோரா தலையைப் பிடித்துக்கொண்டு, "முழுங்கு, முழுங்கு, அது நூடுல்ஸுன்னு நினைச்சுக்கோ," என்றாள். எனக்கு வந்த நீர் நல்ல மஞ்சள். மறுநாள் முதல் குழாயிலிருந்து ஆறாம் குழாய்வரை நிறம் அழகாக ஏறி நின்றது. அதே சாயம், அதே தண்ணீர், அதே கை.

குழாய்ச் சட்டத்தை ஸ்டூரேயின் மேசைக்கு எடுத்துப்போனேன்.

"சந்தோஷம். உன் குடல் நல்லா இருக்கு," என்றான்.

"அது இல்ல. முறை சரியா இருக்குன்னு காட்டுதில்ல? அப்போ டோசென்ட்டோட..."

"மாய்லிஸ்." என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேனாவைக் கீழே வைத்தான். "இது உன்னோட குடல். அவரோடது அளவுகோல். நார்மல்னா என்னன்னு நாம எழுதியிருக்கறதே அவரை வச்சுத்தான். நார்மல் எப்படி நார்மலா இல்லாம போகும்?"

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தூக்கம் குறைந்திருந்தது.

தோராவிடம் போனேன். அவள் கண்ணாடிச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு உடம்பு சரியில்லையோன்னு..." என்று தொடங்கினேன்.

"அவர் டாக்டர்டி."

"தெரியும்."

"ஸ்டூரே டாக்டர். பேராசிரியர் டாக்டர். இந்த மாடியில நீயும் நானும் எலியும் மட்டும்தான் டாக்டர் இல்ல." துணியை உதறினாள். அடுத்த குடுவையைத் துடைத்துக்கொண்டே, "கையைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கார்," என்றாள். "பாத்தியா?"

"வீட்டுல புதுசா கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருக்காங்களாம். அது குத்துதாம்."

"அப்படித்தான் என்கிட்டயும் சொன்னார்."

இன்னொரு துணியை எடுத்து நானும் துடைக்கத் தொடங்கினேன்.

டிசம்பர் நடுவில் லூசியா பண்டிகை நாள் வந்தது. தாதிப் பயிற்சி மாணவிகள் தலையில் மெழுகுவர்த்தியோடு வார்டுகளில் பாடிவிட்டு எங்கள் மாடிக்கும் ஏறி வந்தார்கள். குங்குமப்பூ ரொட்டியும் காப்பியும் மேசையில். எட்டு மணி ஆகியும் வெளியே கும்மிருட்டு. நவம்பரிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் குழல்விளக்கில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் செத்தவர்கள் மாதிரித்தான் இருப்போம்.

"டோசென்ட், எத்தனை ரொட்டி உள்ள போச்சு?" என்றாள் தோரா. "மூஞ்சியே அந்த நிறத்துக்கு வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் தட்டில் இருந்த ரொட்டி முழுசாக இருந்தது. இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். ஆணியால் போட்டதுபோல ஓரம் பிசிறாக இருந்தது. தோரா தான் சொன்னதைத் தானே கேட்டவள்போலச் சட்டென்று எழுந்து காப்பிக் கூஜாவை நிரப்பப் போனாள்.

பனி அதற்கடுத்த வாரம்தான் கொட்டியது. மதியம் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அறை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எதிர்க் கூரைகளிலிருந்து வெள்ளை வெளிச்சம் எகிறி உள்ளே வந்து அறையின் உட்கூரையைக்கூடத் துலக்கியிருந்தது. டோசென்ட் என் மேசையருகே நின்றார். சட்டைக் கையை மடித்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சொறிந்த கோடுகள்.

"சுத்தமான உப்பு எங்க, மிஸ் எக்லுண்ட்? நாமளே எருதுப் பித்தத்துலேருந்து எடுத்தோமே, அது."

எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கடைசிக் குடல்நீரில் மிச்சம் இருந்ததை இரண்டு குழாய்களில் ஊற்றினார். ஒன்றை அப்படியே விட்டார். மற்றதில் ஒரு சிட்டிகை உப்பை நிறுத்துப் போட்டார். இரண்டிலும் சாயம். அடைத்து, குலுக்கும் எந்திரத்தில் மாட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் புரிந்தது. சாயமோ தண்ணீரோ கண்ணாடியோ கெட்டிருந்தால், உப்பைப் போட்டாலும் நிறம் ஏறாது. உப்பைப் போட்டு ஏறினால், எல்லாம் சரி. அந்த நீரில் உப்பு மட்டும்தான் இல்லை. உப்பு இல்லையென்றால் பித்தம் குடலுக்கு வரவில்லை. வரும் வழியை எதுவோ அடைத்திருக்கிறது. இவ்வளவு சின்னச் சோதனை. இத்தனை வாரமும் அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் நாங்கள் செய்யவில்லை.

"வகுப்பு எப்படிப் போகுது?" என்றார்.

"கணக்குல தேறிடுவேன்னு நினைக்கறேன். ஜெர்மன்தான் தெரியல."

"ஜெர்மன் யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க." சன்னல் பக்கம் திரும்பினார். பனி வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். நான் பார்த்ததை அவர் பார்த்தார். எந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அளவெடுக்கத்தான் இரவு முழுக்கக் குலுக்க வேண்டும்; நிறம் ஏறுமா என்று பார்க்க அரை மணி போதும். நிறுத்தியதும் அவரே குழாய்களை எடுத்தார். அவரே வடிகட்டினார். ஒன்று தெளிவாக இருந்தது. மற்றது ஆரஞ்சாக, பழரசம்போல இருந்தது.

இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"சாயம் சரி," என்றார். "தண்ணி சரி. உங்க கையும் சரி, மிஸ் எக்லுண்ட். ஆரம்பத்துலேருந்தே சரியாத்தான் இருந்திருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கை சரின்னு சொன்னதுக்கு அழற முதல் ஆளு நீங்கதான்," என்றார். பிறகு சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்து மருத்துவமனையில் இருந்த அறுவை சிகிச்சைத் துறைக்குப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வயிற்றைத் திறந்தார்கள். கணையத்தின் தலைப்பக்கத்தில் கட்டி. அது பித்தக் குழாயை வெளியிலிருந்து நெரித்திருந்தது; அதற்குள் ஈரலுக்கும் போய்விட்டது. எடுக்கப் பார்க்கவில்லை. பித்தப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைத்து, பித்தத்துக்கு மாற்று வழி ஒன்று செய்துவிட்டு மூடினார்கள். ஸ்டூரே வந்து எங்களிடம் சொன்னான். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "முன்னாடியே பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். தோரா அவன் தோளில் கையை வைத்தாள். வேலைக்காகத் தவிர அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் டோசென்ட் வந்தார். கோட் அவர்மேல் இன்னொருவருடையது மாதிரித் தொங்கியது. ஆனால் கண் வெள்ளையாக இருந்தது. அரிப்பும் இல்லை என்றார். நலம் விசாரிக்க நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "குழாய் முழுங்க வந்திருக்கேன்," என்றார்.

"டோசென்ட்டுக்குப் பைத்தியமா?" என்றாள் தோரா.

"பித்தப்பையைக் குடலோட தைச்சப்புறம் உப்பு எவ்வளவு வருது, மிசெல் ஆகுற அளவுக்கு வருதான்னு யாராவது அளந்திருக்காங்களா? நான் படிச்சவரைக்கும் இல்ல."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"கீழ கார்ல உக்காந்திருக்கா. கோவமா."

விழுங்கினார். முன்பு ஒரே மடக்கில் இறங்கும். இந்தத் தடவை மூன்று தரம் குமட்டி வெளியே வந்தது. ஸ்டூரே போதும் என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி விழுங்கினார். ஊசிக்குழலில் ஏறிய நீர் பளிச்சென்ற மஞ்சள்.

மறுநாள் வர வேண்டாம், தொலைபேசியில் சொல்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் வந்துவிட்டார். குழாய்களை அவர் முன்னால் வைத்தேன். முதல் குழாயில் அடர்ந்த ஆரஞ்சு. இரண்டாவது, மூன்றாவது, கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி ஏழாவதுவரை. எட்டாவதில் நிறம் இல்லை. சுவரில் இருந்த அவருடைய பழைய கோடும் அதே இடத்தில்தான் விழுந்திருந்தது.

"நார்மல்," என்றார் டோசென்ட்.

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சிரிக்கலாம். அனுமதி உண்டு."

தோரா வெளியே போனாள். கதவு சாத்திய பிறகும் அவள் நடைபாதையில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. காலடிச் சத்தம் நகரவில்லை. ஸ்டூரே எண்களை எழுதுவதுபோலக் குனிந்துகொண்டான், பிறகு அவனும் எழுந்து போனான்.

டோசென்ட் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது, மிஸ் எக்லுண்ட்?"

பொய் சொல்ல நினைத்தேன். "முதல் நாளே, ரெண்டுல ஒண்ணுன்னு தெரியும். என் கை தப்பு, இல்லேன்னா நீங்க..."

"கை தப்புன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"ஆமா."

"நானும்தான்." சிரிக்கப் பார்த்தார். "அப்போ மூத்திரம் காப்பி நிறத்துல போச்சு. வெளிக்குப் போனா சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. இந்த ரெண்டையும் வந்து ஒரு மாணவன் என்கிட்ட சொல்லியிருந்தா, வாக்கியத்தை முடிக்கறதுக்கு முன்னாடி அவனை அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருப்பேன். நான் என்ன பண்ணேன்? புதுச் சாயம் வரவழைச்சேன்."

நான் எட்டாவது குழாயைச் சட்டத்தில் நேராக்கினேன்.

"ஆனா ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தானே வரணும்?" என்றார். "சாயம், தண்ணி, வடிதாள், சூடு. அப்புறம்தானே ஆளு? அதுதானே முறை?"

என்னிடம் ஒரு பதிலை எதிர்பார்த்தார். சும்மா கேட்கவில்லை. அந்த வாரங்களில் கட்டி ஈரலுக்குப் போனதா, அதற்கு முன்பே போய்விட்டிருந்ததா என்று அறுவை செய்தவருக்கே தெரியாது. இனி அளக்கவும் முடியாது. அவர் கேட்ட முறையைத்தான் நானும் கற்றிருந்தேன். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

"ஆமா, டோசென்ட்," என்றேன். "அதுதான் முறை."

அவர் தலையை அசைத்துக்கொண்டார். ஏழாவது குழாயைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சன்னல் பக்கம் பிடித்தார். அதில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதே கஷ்டம்; வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் தாளை எடுத்து அதற்குப் பின்னால் பிடித்தேன்.

"இருக்கு," என்றார்.

கீழே காரின் ஹாரன் ஒரு தரம் ஒலித்தது. கோட்டின் கையில் கையை நுழைக்க அவரால் முடியவில்லை. நான் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.